தோலில் இருக்கும் ஸ்டெம் செல்கள் கருவில் எங்கிருந்து வந்தவை?

ஹம்டன்லேன்_அம்மா

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன வருடம் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வெண்புள்ளி வந்தது. பிறகு விரல் நுனிகளிலும் வாயோரத்திலும் வந்தது. தோல் கிளினிக்கில் காட்டி, இப்போது கிழமை தவறாமல் லைட் (ஒளிச் சிகிச்சை) பிடிக்கிறோம்.

போன மாதம் குளித்துவிட்டு வந்து காலைக் காட்டினாள். வெள்ளைத் திட்டுக்குள்ளே சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டுகள். கண்ணாடி போட்டுக்கொண்டு யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு மயிர் நிற்கிறது. மயிர் இல்லாத இடத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. டொக்டர் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மயிர்க்காலுக்குள் ஸ்டெம் செல், அதாவது புதுக் கலங்களை உண்டாக்கும் மூலக் கலம் இருக்கிறது, அதுதான் நிறத்தைக் கொண்டு வெளியே வருகிறது, நல்ல அறிகுறி என்றார். போகும்போது, அந்தக் கலங்கள் நரம்புப் பக்கத்திலிருந்து வந்தவை என்றும் ஒரு வார்த்தை சொன்னார். வெளியே சனம் காத்துக்கொண்டு நின்றபடியால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மகள் என்னை விடுகிறாள் இல்லை. தோலில் உள்ள கலத்துக்கும் நரம்புக்கும் என்ன உறவு, அது மயிர்க்காலுக்குள் எப்படிப் போய் இருந்தது, விரல் நுனியில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒரே கேள்வி.

இன்னொரு விடயமும் இருக்கிறது. தெரிந்த ஒருவர் சொன்னாரென்று ஒரு அழகு நிலையத்தில் விசாரித்தேன். ‘ஸ்டெம் செல் ஊசி’ போடலாம் என்றார்கள். தோலின் ஸ்டெம் செல் எல்லாம் ஒன்றுதானாம், எங்கே போட்டாலும் தேவையானதாக மாறிக்கொள்ளுமாம். கேட்ட காசு எங்கள் வீட்டுக்குப் பெரிய காசு. ஆனாலும் பிள்ளைக்காக எப்படியாவது புரட்டலாம் என்றுதான் யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பயோ_தம்பி

அன்ரி, நானும் உயர்தரம்தான். நாங்கள் படித்ததன்படி மேற்றோல் கருவின் வெளி அடுக்கான வெளிப்படையிலிருந்து வருகிறது, அதற்குக் கீழே உள்ள உட்தோல் நடு அடுக்கான நடுப்படையிலிருந்து வருகிறது. நிறக்கலம் மேற்றோலின் அடியில் இருப்பதால் அதுவும் வெளிப்படையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நரம்பு என்று டொக்டர் ஏன் சொன்னார் என்று எனக்கும் விளங்கவில்லை.

கருவியல்_மிஸ்

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதப் போகிறேன். மருத்துவ மாணவர்களுக்குக் கருவியலும் இழையவியலும் படிப்பிக்கிறேன். இந்தப் பிள்ளை கேட்டதை நான் படிப்பிக்கும் மாணவர்களில் ஒருவராவது கேட்கமாட்டாரா என்று ஒவ்வொரு வருடமும் எதிர்பார்ப்பேன்.

தம்பி எழுதியதில் மேற்றோல் பற்றிய பகுதி சரி. ஆனால் நிறக்கலம் மேற்றோலில் குடியிருந்தாலும் அங்கே பிறந்தது அல்ல. மனிதக் கருவில் நாலாவது கிழமையளவில், முதுகுப் பக்கத்து வெளிப்படை உள்நோக்கி மடிந்து ஒரு குழாயாக மூடிக்கொள்ளும். மூளையும் முண்ணாணும் அந்தக் குழாயிலிருந்துதான் உருவாகின்றன. குழாய் மூடும் விளிம்பில் இருக்கும் கலங்களில் ஒரு கூட்டம் அதிலிருந்து கழன்று, உடம்பு முழுக்கப் பயணம் புறப்படுகிறது. இதைத்தான் நரம்பு முகடு என்கிறோம். 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் இதை முதலில் கண்டு எழுதினார். முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும், நரம்பைச் சுற்றிப் போர்த்தும் ஷ்வான் கலமும், தோலின் நிறக்கலமும் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை. ஆகவே டொக்டர் சொன்னது சரி.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிள்ளை கட்டாயம் கேட்பாள். பிரான்சில் நிக்கோல் லு துவாரென் என்ற ஆய்வாளர் 1969இல் ஒரு வழி கண்டார். காடைக் கலத்தின் உட்கருவுக்குச் சாயம் ஏற்றினால் உள்ளே ஒரு கறுத்த திரள் தெரியும். கோழிக் கலத்தில் அப்படித் தெரியாது. எனவே காடைக் கருவிலிருந்து நரம்பு முகட்டை எடுத்துக் கோழிக் கருவில் வைத்தால், எந்தக் கலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்துவிடலாம். வெள்ளைக் கோழிக் கருவில் அப்படி வைத்தபோது, முட்டையிலிருந்து பொரித்த குஞ்சின் உடம்பில் ஒட்டு வைத்த பக்கத்து இறகுகளில் காடையின் நிறம் வந்தது. அந்தப் படத்தை மகளுக்குத் தேடிக் காட்டுங்கள். எந்த விளக்கத்தையும் விட அது நல்லது.

பிறகு 2009இல், எலியிலும் கோழியிலும் செய்த வேலையில் இன்னொன்று தெரிந்தது. நிறக்கலங்களில் ஒரு பகுதி நரம்புகளைப் பிடித்துக்கொண்டே தோல் வரைக்கும் போய், ஷ்வான் கலத்தின் முன்னோடிகளாக இருந்து, அங்கே நிறக்கலமாக மாறுகின்றன.

சரி, மயிர்க்காலுக்குள் எப்படிப் போனது? தலைத்தோலின் சிலைட் ஒன்றைக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாணவர்கள் எல்லாரும் நேரே கீழே உள்ள குமிழுக்குப் போய்விடுவார்கள், அங்கேதான் மயிர் வளர்கிறது என்று படித்திருப்பதால். நான் அவர்களை மேலே வரச் சொல்வேன். வெளிறித் தெரியும் எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய இளஞ்சிவப்புத் தசை சாய்வாக வந்து மயிர்க்காலில் ஒட்டும். குளிரில் மயிர் கூச்செறியும்போது இழுப்பது அந்தத் தசைதான். அது ஒட்டும் இடத்தில் மயிர்க்காலின் வெளிச்சுவர் கொஞ்சம் தடித்திருக்கும். மனிதத் தோலில் அது எலியில் போல் எடுப்பாகத் தெரியாது, பொறுமையாகத் தேட வேண்டும். கொட்சரெலிஸ், சன், லாவ்கர் மூவரும் 1990இல் எலியில் வெளியிட்ட ஆய்வு, மிக மெதுவாகப் பிரியும் கலங்கள் இந்த இடத்தில் இருப்பதைக் காட்டியது. மயிரைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அங்கே இருக்கின்றன. நிறக்கலத்துக்குத் தனியான ஸ்டெம் செல் அதே பகுதியில் இருப்பதை எமி நிஷிமுராவும் கூட்டாளிகளும் 2002இல் காட்டினார்கள்.

உங்கள் மகளின் காலில் நீங்கள் கண்டது இதைத்தான். வெண்புள்ளியில் மேற்பரப்பில் உள்ள நிறக்கலங்கள் அழிந்தாலும், மயிர்க்காலுக்குள் இருப்பவை பல வேளை தப்பிவிடும். லைட் பிடிக்கும்போது அவை பெருகி, மயிர்க்காலின் சுவர் வழியே மேலே ஏறி, அதன் திறப்பால் வெளிவந்து சுற்றிலும் பரவுகின்றன. அதனால்தான் பொட்டின் நடுவில் மயிர். விரல் நுனியில் மயிர்க்காலே இல்லை. அங்கே பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தால்தான் உண்டு. உதட்டுக்கும் அதே கதை.

இனி மயிர்க்காலுக்குள் நிறக்கலத்தின் பக்கத்துவீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற பேச்சு அங்கேதான் உடைகிறது. அதே மயிர்க்காலில் மூன்று வேறு வேறு வம்சங்கள் சேர்ந்து இருக்கின்றன.

முதலாவது வம்சம், மயிரையும் எண்ணெய்ச் சுரப்பியையும் உண்டாக்கும் ஸ்டெம் செல். இது வெளிப்படையின் பிள்ளை. கருவின் தோலில் ஒரு சின்ன வட்டத் தடிப்பாக மயிர்க்கால் தொடங்கும். ஜப்பானில், கோபே நகரத்தில், 2021இல் வெளிவந்த ஒரு ஆய்வில், எலிக் கருவின் மீசை மயிர்க்கால் வளர்வதை ஒவ்வொரு கலமாகப் பின்தொடர்ந்து படம் எடுத்தார்கள். அந்த வட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் இருக்கின்றன. பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவின் அன்டெனாவை இழுத்தால் வளையம் வளையமாக நீள்வது போல, அந்த வளையங்கள் கீழே நீண்டு மயிர்க்காலின் அடுக்குகளாகின்றன. நடுவில் இருந்தவை அடிக்குப் போகின்றன. ஸ்டெம் செல்லாகப் போகிறவை தடிப்பின் ஓர வளையம் ஒன்றிலிருந்து வருகின்றன. அதாவது, பின்னால் யார் ஸ்டெம் செல் ஆவார் என்பது, மயிர்க்கால் உருவாகும் முன்னரே, வட்டத்தில் நின்ற இடத்தோடு தொடர்புபட்டிருக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து நான் மயிர்க்கால் பாடம் எடுக்கும் விதத்தையே மாற்றிவிட்டேன்.

இரண்டாவது வம்சம் நிறக்கலத்துடையது, நரம்பு முகடு. மேலே சொல்லியாயிற்று.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. மயிர்க்காலைச் சுற்றியும் அதன் அடியிலும் உட்தோலைச் சேர்ந்த கலங்கள் இருக்கின்றன. கனடாவில் ஃப்ரீடா மில்லரின் குழு 2001இல் உட்தோலிலிருந்து ஒரு வகை ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தது. அது பாத்திரத்தில் வளரும்போது கொழுப்புக் கலம், மென்தசைக் கலம் மட்டுமல்ல, நரம்புக் கலத்தையும் உண்டாக்கியது. பார்த்தால் நரம்பு முகட்டின் பிள்ளை போலவே இருந்தது. அப்படியானால் உடம்பு முழுக்க உள்ள உட்தோலில் நரம்பு முகடு போய்ச் சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வி வந்தது. அதே குழு 2010இல் எலிகளில் பரம்பரையைப் பின்தொடர்ந்து பார்த்தது. முகத்தில் உள்ளவை உண்மையிலேயே நரம்பு முகட்டிலிருந்து வந்தவை. முதுகில் உள்ளவை சோமைட்டிலிருந்து, அதாவது நடுப்படையில் முதுகெலும்பும் தசையும் உருவாகும் அந்தத் துண்டங்களிலிருந்து வந்தவை. வயிற்றுப் பக்கத்தவை நடுப்படையின் பக்கத் தகட்டிலிருந்து. பிறந்த இடங்கள் முற்றிலும் வேறு. ஆனாலும் முகத்து ஸ்டெம் செல்லும் முதுகு ஸ்டெம் செல்லும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. முதுகில் உள்ளது ஷ்வான் கலத்தைக்கூட உண்டாக்கியது. நரம்பு முகட்டால் மட்டும்தான் முடியும் என்று நாங்கள் நினைத்திருந்த வேலை அது. மரபணுக்களின் செயற்பாடும் மூன்று இடத்திலும் பெரும்பாலும் ஒத்திருந்தது. ஒரு சில மரபணுக்களில் மட்டும் பிறந்த ஊரின் அடையாளம் மிஞ்சியிருந்தது.

ஆகவே, ஒரு கலம் எங்கே பிறந்தது என்பதும், இப்போது எங்கே குடியிருக்கிறது என்பதும், இரண்டும் சேர்ந்துதான் அது என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ‘தோலின் ஸ்டெம் செல்’ என்று ஒரு ஆள் கிடையாது. மயிரின் ஸ்டெம் செல்லைக் கொண்டுபோய் வெள்ளைத் திட்டில் விட்டால் அது நிறம் தராது. நிறக்கலத்தின் ஸ்டெம் செல் மயிரை முளைக்க வைக்காது. ஒரு தோல் கலத்தை எதுவாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுவர, ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் எலியில் நாலு மரபணுக்களை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. மனிதக் கலத்தில் அது 2007இல் நடந்தது, 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசியைப் போட்டால் தானாக நடக்கிற காரியமாக இருந்திருந்தால் அதற்கு நோபல் தேவைப்பட்டிருக்காது.

அந்த நிலையத்துக்குக் காசு கொடுக்கவேண்டாம். இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தீப்புண்_வார்ட்_அக்கா

மிஸ் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் தீப்புண் வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த நாட்களில் குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்கள் நிறைய வருவார்கள், பெண்களும் பிள்ளைகளும்தான் கூட.

தோல் முழு ஆழத்துக்கும் எரியாத காயத்தில், துணியை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக எடுத்தால், சிவந்த தரையில் அங்கங்கே முத்து நிறத்தில் சின்னத் தீவுகள் தெரியும். காயத்தின் ஓரத்தில் அல்ல, நடுவில். பெரிய சிஸ்டர் எங்களுக்குக் காட்டித் தந்தது, அந்தத் தீவுகள் மயிர்க்காலிலிருந்து வருகின்றன, துடைக்கும்போது கை படக்கூடாது என்று. ஒவ்வொரு துணி மாற்றத்திலும் தீவுகள் பெருத்து ஒன்றோடொன்று சேரும். முழு ஆழத்துக்கும் எரிந்த இடத்தில் இது வரவே வராது. ஓரத்திலிருந்து மட்டும்தான் மூடும், அதனால்தான் தோல் எடுத்து ஒட்டுவார்கள். தலையிலிருந்து மெல்லிய தோல் எடுத்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட வேகமாக ஆறும். அங்கே மயிர்க்கால் நெருக்கம்.

எனக்கு ஒரு சந்தேகம், மிஸ். வாய்க்குள் வந்த காயம் வடு இல்லாமல் ஆறிவிடும். முதுகில் வந்தது தடித்த வடுவாக நிற்கும். இதற்கும் நீங்கள் சொல்லும் பிறந்த இடத்துக்கும் தொடர்பு உண்டா?

கருவியல்_மிஸ்

அக்கா, மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. உங்கள் தீவுகளை இந்த வருடமே வகுப்பில் சொல்லப் போகிறேன்.

வடு பற்றி: ஆம், தொடர்பு உண்டு என்று எலியில் காட்டியிருக்கிறார்கள். 2015இல் வந்த ஆய்வு. முதுகுத் தோலில் வடுவின் பெரும்பகுதியை உண்டாக்குவது நார்க்கலங்களில், அதாவது உட்தோலின் நார்களை உண்டாக்கும் கலங்களில், ஒரு குறிப்பிட்ட வம்சம். வாய்க்குள் இருக்கும் நார்க்கலங்கள் நரம்பு முகட்டு வம்சம். இவற்றை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முதுகின் கலம் வாய்க்குள்ளும் வடுவைத்தான் போட்டது. வாயின் கலம் முதுகிலும் போடவில்லை. இங்கே பிறந்த இடம் வென்றது. மில்லர் குழுவின் 2010 ஆய்வில் பெரும்பாலும் குடியிருந்த இடம் வென்றது. எந்தக் கலத்தில் எது வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

தீவுகளைப் பற்றி ஒரு சின்ன விடயம். எலியில் பார்த்தபோது, மயிர்க்காலின் அந்தத் தடித்த பகுதியிலிருந்து காயத்துக்கு ஓடிவந்த கலங்களில் பெரும்பாலானவை சில கிழமைகளில் மறைந்துவிட்டன. அவசரத்துக்கு வந்து மூடிவிட்டு, நிரந்தர வேலையை மேற்றோலின் சொந்த ஸ்டெம் செல்களிடம் விட்டுவிடுகின்றன. அந்தச் சொந்த ஸ்டெம் செல் எவ்வளவு பலமானது என்று தெரிய வேண்டுமென்றால், ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற நகரத்தில் சிகிச்சை பெற்ற ஏழு வயதுச் சிறுவனைப் பற்றி வாசியுங்கள். பிறப்பிலேயே தோல் உரியும் நோய். இத்தாலியக் குழு அவனுடைய தோலில் ஒரு துண்டு எடுத்து, மரபணுவைத் திருத்தி, பாத்திரத்தில் வளர்த்துக் கொடுத்தது. உடம்பின் சுமார் 80 வீதத்தை அதால் மூடினார்கள். 2017இல் அறிக்கை வந்தபோது அந்தத் தோல் உறுதியாக நின்றது, அதைத் தாங்கியவை நீண்டகாலம் வாழும் சிறு தொகை ஸ்டெம் செல்கள். உண்மையான ஸ்டெம் செல் வைத்தியம் இப்படித்தான் இருக்கும். எந்தக் கலம், யாருடையது, எப்படி வளர்த்தது, பிறகு என்ன ஆனது என்று எல்லாம் எழுத்தில் இருக்கும்.

ஹம்டன்லேன்_அம்மா

மிஸ், அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. மகள் படிப்பு மேசையில் வைத்து வாசித்தாள். காடை இறகுப் படத்தையும் தேடிப் பார்த்துவிட்டாள். ஊசிக்குப் போகவில்லை.

ஒன்று கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். சொந்தக்காரர் சிலர், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நான் மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பேன், அதுதான் இப்படி என்கிறார்கள். கருவில் அந்தக் கலங்கள் வந்து சேரவேண்டிய இடத்துக்கு வராமல் போனதற்கு நான் காரணமா?

கருவியல்_மிஸ்

இல்லை. மீனும் இல்லை, தயிரும் இல்லை, நீங்களும் இல்லை.

கருவில் நிறக்கலம் போதிய அளவு பரவாமல் போகிற நிலை வேறு. அதில் வெள்ளைத் திட்டு பிறக்கும்போதே இருக்கும், நெற்றி நடுவிலும் வயிற்றிலும் வழக்கமாக வரும், முன்மயிரில் ஒரு கற்றை வெள்ளையாக இருக்கும். பல வேளைகளில் கிற் என்ற மரபணுவின் மாற்றம்தான் காரணம். வீதியில் நெஞ்சும் பாதமும் வெள்ளையாகத் திரியும் நாய்களைப் பாருங்கள். முதுகில் புறப்பட்ட கலங்களுக்கு மிகத் தூரமான இடங்கள் அவை, அங்கே போதியளவு நிறக்கலம் இல்லை. அந்த நாய்களுக்கு ஒரு நோயும் இல்லை.

உங்கள் பிள்ளைக்கு நடந்தது அதுவல்ல. அவளுடைய நிறக்கலங்கள் எல்லாம் உங்கள் வயிற்றில் ஒழுங்காகப் புறப்பட்டு, ஒழுங்காக வந்து சேர்ந்து, இத்தனை வருடம் வேலை செய்தன. போன வருடம் அவளுடைய சொந்த எதிர்ப்புச் சக்தி அவற்றைத் தாக்கத் தொடங்கியது. அதுதான் வெண்புள்ளி. தொற்றாது, குட்டநோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சொந்தக்காரர் அடுத்த முறை கதைத்தால் காலில் உள்ள பழுப்புப் பொட்டுகளைக் காட்டுங்கள். நீங்கள் சுமந்தபோது வந்து சேர்ந்த கலங்களின் வாரிசுகள்தான் அவை.

அடுத்த கிளினிக்கில் இரண்டு விடயம் கேளுங்கள். முதலாவது, வாயோரத் திட்டில் உள்ள பூனைமயிர் கறுப்பா வெள்ளையா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாக இருந்தால் உள்ளே இன்னும் நிறக்கலம் இருக்கிறது, முகத்தில் லைட்டுக்கு நன்றாகவே பலன் கிடைக்கும். வெள்ளையாக இருந்தால் அங்கே சேமிப்புக் குறைவு, காலம் எடுக்கும். இரண்டாவது, விரல் நுனிக்கு என்ன செய்யலாம் என்று. நோய் பரவாமல் ஒரு வருடமாவது நின்றால், பிள்ளையின் தோலிலிருந்தே மெல்லிய துண்டு எடுத்து, மேற்றோல் கலங்களையும் நிறக்கலங்களையும் சேர்த்துப் பிரித்து, திட்டில் வைக்கும் ஒரு முறை 1992இலிருந்து இருக்கிறது. விரல் நுனியில் அதுவும் மற்ற இடங்களைப் போல் பிடிக்காது, டொக்டர் அதை மறைக்காமல் சொல்வார். அதற்குள் லைட்டை விடவேண்டாம். பரீட்சைக் காலத்திலும் விடவேண்டாம்.